மைனாவதியின் பக்கம் சாய்ந்த நாற்றுகள்

கத்திரி வெயில் பிறந்த ஏழாம் நாள், வாசலில் வைத்த பித்தளைக் குடத்தைத் தொட்டால் கை சுடுகிற காலத்தில், ஊத்துப்பாறை நாற்றுக்காரத் தெருவின் முப்பத்தொரு வீடுகளிலும் கூடத்திலும் சமையல்கட்டிலும் கட்டிலுக்கு அடியிலும் முளைத்து நின்ற மிளகாயும் கத்தரியும் தக்காளியும் கொத்தமல்லியும், ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, ராக்கியப்பன் மகள் மைனாவதி இருந்த பக்கமாகத் திரும்பின.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வெயிலில் வெளியே விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே வெந்துபோகும். அதனால் சித்திரை வந்தால் நாங்கள் வாசலுக்கு வந்துவிடுவோம், விதைகள் வீட்டுக்குள் போய்விடும். தேங்காய் நார்க்கழிவை நனைத்துப் பிசைந்து, குழிக்குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் அடைத்து, குழிக்கு ஒரு விதையாக ஊன்றி, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் போர்த்தி வைப்போம். வெள்ளையாக ஊசிமுனை தெரிந்ததும் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி, ஜன்னலுக்கு நனைத்த சாக்கைக் கட்டுவோம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் வரும். நாற்று அந்தப் பக்கம் கழுத்தை நீட்டும். நீட்டினால் தண்டு நூலாகும், நூலானால் படுத்துவிடும். ஆகவே காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஒவ்வொரு தட்டையும் தூக்கி அரைச் சுற்று திருப்பி வைக்க வேண்டும். எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூடத் தட்டு திருப்பி முடிகிற வரைக்கும் காபிக்குக் காத்திருப்பார்கள். ஆனி பிறந்து மேற்கேயிருந்து சாரல் இறங்கியதும் விவசாயிகள் வந்து வாங்கிப்போவார்கள். என்னைப் போலக் கொத்தமல்லி, துளசி, வெந்தயக்கீரை, திருநீற்றுப்பச்சிலை என்று வாசனைத் தழை வளர்க்கிறவர்களிடம் டவுனிலிருந்து மாடித்தோட்டக்காரர்கள் வருவார்கள். வருஷம் முழுக்கச் சாப்பிட எங்களுக்கு அந்த ஒரு மாசம்தான்.

மைனாவதிக்கு முப்பத்திநாலு வயது. பதினோரு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளும் அப்பனும் மட்டும்தான். ஒன்பது வருஷம் தட்டைத் திருப்பிக்கொண்டே சர்க்கார் பரீட்சைக்குப் படித்து, எட்டு தரம் தோற்று, ஒன்பதாம் தரம் தேறியிருந்தாள். தொண்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. உத்தரவு தபாலில் வரும், வந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயது வரம்பு முடிந்துவிட்டதால் அவளுக்குப் பத்தாவது பரீட்சை கிடையாது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் தேறிய அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் சர்க்கரை வைத்துவிட்டுப் போனாளே, தெரியாமல் எப்படி இருக்கும்.

முதலில் கவனித்தவளும் அவள்தான். காலையில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மிளகாய் நாற்றுகள் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றன. சமையல்கட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துச் சாய்ந்தன. அப்பனிடம் சொன்னாள். நார்க்கழிவு புளித்திருக்கும் என்றார் ராக்கியப்பன். அதே நேரத்தில் எட்டு வீடு தள்ளி என் வீட்டில், கொத்தமல்லி மொத்தமும் ஜன்னலே இல்லாத சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்திருப்பதை என் மனைவி வசந்தாமணி பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல மெல்ல வடக்கே நகர, இவளும் வாசலுக்கு வந்து அந்தத் திக்கைப் பார்க்க, தெருக்குழாய்க்குக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள் மைனாவதி. உச்சிவெயிலுக்குள் முப்பத்தொரு வீட்டிலும் இதே பேச்சு. யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆச்சரியப்படுகிற தெம்பை வெயில் யாருக்கும் மிச்சம் வைத்திருக்கவில்லை. எங்கள் நாற்றுகளையெல்லாம் வேனில் ஏற்றி விற்றுக்கொடுக்கிற குப்புராசு மட்டும், இது எத்தனை தூரம் வரைக்கும் வேலை செய்யுது என்று கேட்டார். அவளை நடக்கவிட்டுப் பார்த்தோம். மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை, இரண்டு மைல், நாற்றுகளுக்கு அவள் இருக்கிற திக்கு தெரிந்தது. அதைத் தாண்டினால் தெரியவில்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க அவள் பழனிக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினாள். அந்த அரை நாளும் நாற்றுகள் அம்மாவைத் தேடுகிற பிள்ளைகளைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடின. தேடித் தேடித் தண்டு முறுக்கி, வீட்டுக்கு ஐந்து, பத்து என்று படுத்துவிட்டன. படுத்த நாற்று எழாது. ஜன்னல் சாக்கை விலக்கினோம், ட்யூப்லைட் போட்டோம், அவளுடைய பழைய சேலையைக்கூடக் கொண்டுவந்து கொடியில் கட்டிப் பார்த்தார்கள் சிலர். எதற்கும் மசியவில்லை.

அன்றைக்கே முறை வைத்தாயிற்று. வீட்டுக்கு ஐந்து நிமிஷம், காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. தட்டை நாங்கள் திருப்பவேண்டிய வேலை இல்லை. அவள் வந்து கூடத்தில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், நாற்று நேராக நின்றது. தண்டும் நல்ல கனம், இலையும் நல்ல கரும்பச்சை. அப்படி ஒரு நாற்றை எங்கள் தெரு கண்டதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கென்று ஒரு நாற்காலி வந்தது, ஒரு டம்ளர் வந்தது. மோர் கொடுத்தோம், நுங்கு கொடுத்தோம், பணியாரம் சுட்டுக் கொடுத்தோம். கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். அடுத்த வீட்டில் இரண்டு நிமிஷம் கூட உட்கார்ந்துவிட்டாள் என்று சண்டை வந்தது. பேசாமலிருந்த ஓரகத்திகள் அவளைப் பங்கு பிரிக்கிற சாக்கில் பேசத் தொடங்கி, பேசியதில் இன்னும் பெரிதாகச் சண்டை போட்டார்கள். இதே தெருவில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டால் என்ன என்று இரண்டு பேர் யோசித்து, அந்த இரண்டு பேரும் தங்கள் வீட்டுப் பையனையே யோசித்ததால் அந்தப் பேச்சு நின்றது. பத்து நாளுக்குள் குப்புராசு வெளியூர் ஆர்டரெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டுக்கு இருபது தட்டு கூடப் போடச் சொன்னார். போட்டோம். நானும் போட்டேன். கூடப் போட்டதற்குக் கூட நேரம் வேண்டும் அல்லவா, அவளுக்கு மத்தியானச் சுற்று ஒன்றும் சேர்ந்தது.

அவள் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. ஆனால் எந்த வீட்டுக்கு வந்தாலும் உட்காருவதற்கு முன்னால், தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்பாள். வரலை அம்மிணி என்போம். உண்மையில் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைகாசி பிறந்து ஒரு வாரமாயிற்று, இரண்டு வாரமாயிற்று, கத்திரி போயும் வெயில் போகவில்லை, அவள் கேட்கிற குரல் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இந்த மூன்று வாரம் அத்தனை கனமாக இருந்ததை நாங்கள் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினோம்.

வைகாசி இருபத்தொன்றாம் தேதி காலையில், யார் வீட்டுக்கும் போவதற்கு முன், அவள் தன் வீட்டுச் சமையல்கட்டு மூலையிலிருந்த மிளகாய்த் தட்டு ஒன்றைத் தூக்கினாள். தூக்க அவசியம் இல்லை. முறை வைத்த பிறகு தெருவில் யாருமே தட்டைத் தூக்கவில்லை. கை பழக்கம், தூக்கிவிட்டாள். தட்டின் அடித்துளைகள் வழியாக வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கி, கீழே விரித்திருந்த சாக்குக்கும் தட்டுக்கும் நடுவே கிடந்த ஒரு பழுப்பு உறையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தட்டோடு உறையும் மேலே வந்தது. வேரைப் பிய்த்துப் பிரித்தாள். உத்தரவு. வைகாசி ஒன்றாம் தேதி வந்திருக்கிறது. அவள் யார் வீட்டுக் கூடத்திலோ உட்கார்ந்திருந்த நேரத்தில் ராக்கியப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

வேறு யாராவது என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பான், இல்லை அடுப்பில் போட்டிருப்பான். தட்டை இனி எவரும் தூக்கப்போவதில்லை என்று தட்டுக்கடியில் வைத்துவிட்டு, வேர் கீழே வரும் என்பதை மறந்துபோக, நாற்பது வருஷ நாற்றுக்காரன் ஒருவனால்தான் முடியும்.

அவள் ஈரக் கடிதத்தை அப்பனுக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து வாசலுக்கு வந்து வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் பேசவில்லை. நல்ல வேலை செய்தார் மனுஷன் என்று தெருவில் பாதிப்பேர் சொன்னார்கள். பெற்ற மகள் வாழ்வில் மண்ணைப் போட்டுவிட்டாரே நாற்றுக்காக என்று மீதிப்பேர் சொன்னார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

அன்று பத்து மணிக்குக் குப்புராசின் வேன் கொட்டகையில் தெரு முழுக்கக் கூடியது. பத்து நாளில் அவள் தொண்டியில் இருக்க வேண்டும். நாற்று பிடுங்க இன்னும் இருபது நாளாவது ஆகும். எல்லோர் மனசிலும் இந்த இரண்டு எண்ணிக்கைதான் ஓடியது. குப்புராசு நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார். அவளைத் தூக்கி வளர்த்த கதை, அவள் அம்மா இறந்தபோது தெருவே அடுப்புப் பற்ற வைக்காத கதை எல்லாம் வந்தது. பிறகு, வேலை எங்கே போய்விடும், மனுப்போட்டு ஒரு மாசம் தள்ளிக் கேட்கலாமே என்றார். கேட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றாள் அவள். அப்போது குப்புராசின் முகம் மாறியது.

“நீ போனீன்னா முப்பத்தொரு வீட்டுலயும் ஒலை வெக்க முடியாது அம்மிணி. இந்த ஊரு வண்டி ஒண்ணும் உன்னைய ஏத்தாது, சொல்லிப்போட்டேன்.”

கொட்டகையில் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. மைனாவதி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு வந்தபோது நான் வேன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு மைலு நடக்க எனக்குக் காலிருக்குதுங்க மாமா,” என்றாள். “ஆனா இன்னிக்கே போகலீங்க. பத்து நாளும் இங்கயேதான் இருக்கப்போறேன். நாத்த வெளிய வெக்கறதுக்கு முந்தி வெயிலுக்குப் பழக்கறமல்லங்க, முதல் நாளு ஒரு மணி நேரம், மறாநாளு ரெண்டு மணி நேரம்னு? அந்த மாதிரி நான் இல்லாததுக்குப் பழக்கறேன். அதுக்கப்பறம் அதுக தானா நிக்கும்.”

நிற்காவிட்டால் என்று யாரோ கேட்டார்கள். முறைச்சுற்று இன்றோடு முடிந்தது, யார் வீட்டுக்குள்ளும் இனி வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு குடையும் ஒரு தண்ணீர் பாட்டிலுமாக மைனாவதி தெருவைக் கடந்து போனாள். அவள் போகப் போக முப்பத்தொரு வீட்டு நாற்றும் அவள் பின்னாலேயே திரும்பிக்கொண்டு வந்தன. மெயின் ரோட்டுக்குப் போய், பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால் கொஞ்சம் நடந்து, நிழல் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு மணி நேரத்தைப்போல ஒரு மணி நேரத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வீட்டுக்குள் நின்றால் சலசலப்பு காதில் விழும். காற்றில்லை, விசிறி இல்லை, ஆயிரம் ஆயிரம் தலைகள் தேடுகிற சத்தம். ஒன்று தேடுவதை நிறுத்திப் படுக்கும், அதைப் பார்த்து அடுத்தது படுக்கும். ஒன்பது மணிக்கு அவள் திரும்பி நடந்து பஸ் நிறுத்தம் தாண்டியதும் அத்தனையும் ஒரே தினுசில் கிழக்கே சாய்ந்து அமைதியாயின. என் வீட்டில் மட்டும் இரண்டு கைப்பிடி கொத்தமல்லி போயிற்று.

இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் மூன்று. செத்த நாற்றையெல்லாம் வாரிக்கொண்டுபோய் ராக்கியப்பன் வாசலில் கொட்டிவிட்டு வந்தார்கள் சிலர். அவள் வீடு திரும்பும்போது அந்தக் குவியலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். செருப்புக் காலால் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். தெருக்குழாயில் அவள் குடத்தைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். நாற்காலிகளும் டம்ளர்களும் அந்தந்த வீட்டுச் சாமான்களோடு மறுபடி கலந்துவிட்டன. அப்பனுக்கும் அவளுக்கும் ஆகவில்லை என்பதும் தெருவுக்குப் புரிந்தது. போகிற நாட்களில் அவள் வீட்டில் அடுப்பு மூட்டுவதே இல்லை. முதல் நாள் ராக்கியப்பன் பசியோடு வாசற்படியில் நின்று அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டிலிருந்து அரிசி தீய்ந்த நாற்றம் வந்தது. கடுதாசியை ஒளித்த மனுஷனுக்கு மகள் நல்ல தண்டனை கொடுக்கிறாள் என்று நான் வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஐந்தாம் நாள் நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். வேண்டாமென்றால் இந்தக் கதையையே சொல்லியிருக்கக் கூடாது.

அன்று ஐந்து மணி நேரம். பதினொரு மணிவாக்கில் என் துளசித் தட்டுகள் மொத்தமும் தள்ளாடத் தொடங்கின. டவுன்காரர் ஒருவர் ஐம்பது தட்டு சொல்லிவைத்திருந்தார். கொத்தமல்லி ஏற்கெனவே பாதி போய்விட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலமரத்துக்குப் போனேன். வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருக்க, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், வசந்தாமணி மயங்கி விழுந்துவிட்டாள், பேச்சு மூச்சு இல்லை, நீ வந்தால்தான் ஆச்சு என்றேன். மணி என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. குடையை அங்கேயே போட்டுவிட்டு சைக்கிளில் என் பின்னால் ஏறிக்கொண்டாள்.

என் வீட்டுக்குள் அவள் கால் வைத்தபோது துளசி அத்தனையும் அவளைப் பார்த்துத் திரும்பி நிமிர்ந்து நின்றது. என் வீட்டில் மட்டுமா, முப்பத்தொரு வீட்டிலும். நாலு நாளாகப் பட்ட பாடெல்லாம் ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. வசந்தாமணி கையில் மாவோடு பின்கட்டிலிருந்து வந்தாள்.

“அக்கா நல்லாத்தான இருக்கீங்க?” என்று கேட்டாள் மைனாவதி.

வசந்தாமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாவுக் கையோடு துளசித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில், நேர் வெயிலில், வரிசையாக வைத்தாள். ஐம்பது தட்டையும் வைத்தாள். நான் தடுக்கப் போகவில்லை. மூன்று மணிக்கெல்லாம் அவை காய்ந்த தேயிலையாகிவிட்டன. மைனாவதி அதற்குள் கால்நடையாகவே வேலமரத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து மணியை எண்ணி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர்ந்தாள். என்னால் அவளுக்கு ஒரு நாள் வீண். அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை, போக வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை அவள் போனபிறகு ராக்கியப்பன் தன் வீட்டுத் தட்டுகளைத் தூக்கித் திருப்புவதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். ஜன்னலுக்கு நேராக, அரைச் சுற்று. நாற்று அவள் போன திக்குக்கு முறுக்கிக்கொள்ளும். அவர் மறுபடி திருப்புவார். மறுபடி முறுக்கும், மறுபடி திருப்புவார். காலை ஒரு தரம் மாலை ஒரு தரம் என்பதெல்லாம் போய், மணிக்கு ஒரு தரம், அரை மணிக்கு ஒரு தரம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மிஷின் மாதிரி. நடுவில் போய் உலை வைத்துவிட்டு வந்தார், குழம்பு கூட்டிவிட்டு வந்தார். வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் மிச்சமிருந்த வெந்தயக்கீரையையும் பச்சிலையையும் திருப்ப ஆரம்பித்தாள். பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்குப் பக்கத்து வீடு. ஒரு மாசமாகத் தட்டைத் தொடாத கைகள், முதல் நாள் தோள்பட்டை விட்டுப்போயிற்று எல்லோருக்கும். குப்புராசின் வீட்டில்தான் கடைசியாகத் தொடங்கினார்கள். அவரே வந்து, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று ராக்கியப்பனிடம் கேட்டுக்கொண்டு போனார். ராக்கியப்பன் ஒற்றை விரலைக் காட்டினார்.

ஏழாம் நாள் ஏழு மணி நேரம், எட்டாம் நாள் எட்டு. சலசலப்பு குறைந்தது. எட்டாம் நாள் மத்தியானம் என் வீட்டு வெந்தயக்கீரையில் ஒரே ஒரு நாற்று, ஒன்றே ஒன்று, ஜன்னல் சாக்கின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து நின்றது. கூப்பிட்டு வசந்தாமணியிடம் காட்டினேன். அன்றுதான் அவள் என்னோடு மறுபடி பேசினாள். ஒன்பதாம் நாள் காலை வெயில் ஏறுமுன் போனவள் சூரியன் விழுந்த பிறகு வந்தாள், தெருவில் ஒரு வீட்டிலும் ஒரு நாற்றும் படுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. மீதி இரண்டு பங்கும், கொஞ்சம் கோணல்மாணலாக, சொந்தக் காலில் நின்றது.

பத்தாம் நாள் விடிந்து ஏழு மணிக்கு மைனாவதி ஒரு பையும் ஒரு பெட்டியுமாகக் கிளம்பினாள். பெட்டியை ராக்கியப்பன் தூக்கிக்கொண்டார். குப்புராசு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றோம். கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். அவள் ஒவ்வொரு வாசலாக நின்று, எங்களைத் தாண்டி உள்ளே பார்த்துவிட்டு நகர்ந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். கையை நீட்டி வெந்தயக்கீரைக்குமேல் மெல்லக் கொண்டுபோனாள். பச்சிலைக்குப் பக்கத்தில் குனிந்தாள். எல்லாம் ஜன்னலைப் பார்த்தே நின்றன.

“ஒண்ணு கூடத் திரும்பலீங்களாண்ணா?” என்று என்னைக் கேட்டாள்.

இல்லை அம்மிணி என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே அழுதாள். வசந்தாமணி அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். இவள் ஆசைப்பட்டதுதானே நடந்திருக்கிறது என்று அப்போது நான் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

பெட்டி கனம், ராக்கியப்பனுக்கு வயது அறுபத்தைந்து. பாதி வழியில் நான் வாங்கிக்கொண்டேன். அதனால்தான் பஸ் நிறுத்தத்தில் அவர்களோடு நானும் இருந்தேன். எட்டே கால் மதுரை பஸ் தூரத்தில் தெரிந்தபோது, பத்து நாளாக வாய் திறக்காத மனுஷன் வாய் திறந்தார்.

“நான் அதைய நாத்துக்காக ஒளிக்கலை சாமி,” என்றார். குரல் துருப்பிடித்த மாதிரி இருந்தது. “நாத்து போனாப் போவுது. நீ போனீன்னா அந்த ஊட்டுல நான் என்ன பண்ணுவேன்னு தெரியலை. அதுக்குத்தான்.”

மைனாவதி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை.

“தெரியுமுங்கப்பா. கடுதாசியப் பாத்த அன்னிக்கே தெரியும்,” என்றாள். “நாத்துக்குன்னா நான் அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன். இந்தப் பத்து நாளு உங்களுக்குத்தான்.”

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவள் அடுப்பு மூட்டாமல் போனதும், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனதும், அந்த வீட்டில் அரிசி தீய்ந்ததும், பிறகு குழம்பு கொதித்ததும் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் எங்களுக்காகத்தான் அவள் வேலமரத்தடியில் வெந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று ராத்திரிக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்றாள் அப்பனிடம். காலையில் மாத்திரையை மறக்கவேண்டாம் என்றாள். பஸ் நின்றது. ஏறி, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பெட்டியை உள்ளே தள்ளினேன்.

பஸ் கிளம்புவதற்கு முன்பே ராக்கியப்பன் திரும்பி ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். உலை வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். பஸ் சத்தம் நின்று, தூசி அடங்கி, ரோடு வெறும் ரோடாக ஆகும் வரைக்கும் அவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் நடப்பதற்கு அவர் பட்ட பாடு முழுதும் அந்த முதுகில் தெரிந்தது.